கப்பு இருக்கு, நோட்டு எங்க?

எங்க மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் மாடிப்படி ஏறினதும் ஒரு கண்ணாடி அலமாரி நிக்கும். உள்ள கப்பு, ஷீல்டு, குரூப் போட்டோ. மேல ஒரு ஃப்ளெக்ஸ், எத்தனை பேர் ப்ளேஸ் ஆனாங்க, எந்தக் கம்பெனி, எவ்வளவு பேக்கேஜ்னு. ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த அன்னைக்கு அப்பா அந்த அலமாரி முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னு பார்த்தார். அப்புறம்தான் ஃபீஸ் கட்டப் போனார். அதனால அந்த அலமாரியை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அதுல ஒரு போட்டோல நானும் இருக்கேன், ரெண்டாவது வரிசை, கண்ணை மூடிக்கிட்டு.

ஆனா அந்த போட்டோ எடுத்த வருஷம் நம்ம வண்டி ஓடவே இல்லைங்கறது போட்டோ பார்க்கறவங்களுக்குத் தெரியாது.

பாஜா தெரியாத ஜூனியர்களுக்காக ரெண்டு வரி. மேடு பள்ளத்துல ஓடற ஒத்தை சீட் வண்டியை மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டிங் பண்ணி, ஓட்டிக் காட்டற போட்டி. 1976ல அமெரிக்காவுல சவுத் கரோலினா யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, இந்தியாவுக்கு 2007ல வந்தது. ரேஸுக்கு முன்னாடி பிரேக் டெஸ்ட் உண்டு. வண்டியை வேகமா ஓட்டிட்டு வந்து பெடலை மிதிச்சா நாலு சக்கரமும் லாக் ஆகணும். மூணு லாக் ஆகி ஒண்ணு சுத்தினாலும் ஃபெயில். திரும்பச் சரி பண்ணிட்டு வரலாம், நேரம் இருந்தா.

எங்களுக்கு முன் வலது சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. பெடல் மிதிச்சா பஞ்சு மிதிக்கற மாதிரி இருந்துச்சு. பஞ்சு மாதிரின்னா லைன்ல காத்து இருக்குன்னு அர்த்தம், இது டெக்ஸ்ட் புக்லயே இருக்கு. பிரேக் ஆயிலை அமுக்கினா சுருங்காது, அழுத்தம் அப்படியே பிஸ்டனுக்குப் போகும். நடுவுல காத்துக் குமிழி இருந்தா அது சுருங்கிக்கும், உங்க கால் பலமெல்லாம் அதுலயே போயிடும். அதனால ப்ளீட் பண்ணினோம். ஒருத்தன் பெடல் மிதிக்க, ஒருத்தன் நிப்பிளைத் திறக்க, ஒருத்தி ஆயில் ஊத்த, ராத்திரி ஒரு மணி வரைக்கும். ரெண்டு பாட்டில் ஆயில் தீர்ந்துச்சு. பஞ்சு பஞ்சாவேதான் இருந்துச்சு. வண்டியை லாரில ஏத்திட்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

ஊருக்கு வந்தப்புறம் பாகலூர் ரோட்ல ஒரு டூ வீலர் மெக்கானிக் அண்ணாகிட்ட காட்டினோம். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. குனிஞ்சு பார்த்துட்டு, “தம்பி, இந்த நிப்பிள் கீழ பார்த்து இருக்கு. காத்து எங்க போய் நிக்கும், மேலயா கீழயா?”ன்னு கேட்டார்.

அவ்வளவுதான் விஷயம். நாங்க வாங்கினது பைக் காலிப்பர். பைக்ல அது ஒரு பக்கம் மட்டும்தான் வரும், அந்தப் பக்கத்துக்குத்தான் ப்ளீடர் நிப்பிள் மேல பார்த்து இருக்கற மாதிரி செஞ்சிருப்பாங்க. அதே காலிப்பரை இன்னொரு பக்கத்துல மாட்டினா தலைகீழா நிக்கும். காத்து மேல தேங்கிக்கும், நீங்க கீழ நிப்பிள் வழியா ஆயிலைத்தான் வெளிய விட்டுக்கிட்டு இருப்பீங்க, விடிய விடிய விட்டாலும். அண்ணா காலிப்பரைக் கழட்டினார், பேடுக்கு நடுவுல ஒரு மரக்கட்டையைச் சொருகினார் (இல்லைன்னா பிஸ்டன் வெளிய வந்துடும்), நிப்பிள் மேல வர்ற மாதிரி கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டே ப்ளீட் பண்ணினார். பத்து நிமிஷம் ஆகலை. பெடல் கல்லு மாதிரி ஆச்சு. காசு வேணாம்னுட்டார், டீ மட்டும் வாங்கிக் கொடுத்தோம்.

இதுக்கே நான் இந்தக் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன். கத்துக்குட்டிங்க தப்பு பண்றது சகஜம். அடுத்த வாரம் போன வருஷ டீம் கேப்டனுக்கு போன் பண்ணி இதைச் சொன்னேன். இப்போ எலக்ட்ரானிக் சிட்டில சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கார். கொஞ்ச நேரம் சிரிச்சுட்டு, “டேய், எங்களுக்கும் அதேதான்டா. அதே வலது பக்கம். நாங்க கடைசி நேரத்துல கண்டுபிடிச்சோம்”னார்.

கண்டுபிடிச்சிருக்காங்க! கண்டுபிடிச்சுட்டு, பரீட்சை எழுதிட்டு, ஃபேர்வெல்ல டான்ஸ் ஆடிட்டுப் போயிட்டாங்க. அந்த வருஷம் வாங்கின சர்டிஃபிகேட் அலமாரில இருக்கு. நிப்பிள் விஷயம் எங்கயும் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா? எங்க எழுதி வைக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லலை. எழுதி வைக்க ஒரு இடமே இல்லை.

நம்ம டிபார்ட்மென்ட் மேல என்னோட பெரிய குறை இதுதான். ஜெயிச்சதை மட்டும் ஞாபகம் வச்சுக்குது. ஒவ்வொரு பேட்ச்சும் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்குது.

நாம இருக்கற ஊரைப் பாருங்க. கிழக்குல இருந்து வந்தாலும் ஜூஜூவாடி பக்கமா வந்தாலும் கம்பெனி பஸ்ஸைத் தாண்டாம காலேஜ் வர முடியாது. 1980ல டிவிஎஸ் 50 இந்த ஊர்லதான் பொறந்துச்சு. அதே வருஷம் அசோக் லேலண்டும் இங்க ஓட ஆரம்பிச்சது. டைட்டன் 2002ல வெளியிட்ட எட்ஜ் வாட்ச்சோட மொத்த கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ள இருக்கற மூவ்மென்ட் 1.15 மில்லிமீட்டர். நாம வெர்னியர்ல அளக்கவே கை நடுங்கற சைஸ். பெங்களூர்ல ஆரம்பிச்ச ஏத்தர் 2021ல ஃபேக்டரியை இங்க கொண்டு வந்துச்சு. இந்தக் கம்பெனிகளுக்கெல்லாம் இண்டஸ்ட்ரியல் விசிட் போயிருப்போம். போய் என்ன பார்த்தோம்? ரோபோவைப் பார்த்தோம், கேன்டீன்ல சாப்பிட்டோம், கேட் முன்னாடி போட்டோ எடுத்தோம்.

அடுத்த தடவை எந்த ஃபேக்டரிக்குப் போனாலும் லைன் ஓரத்துல தொங்கற போர்டைப் பாருங்க. டார்கெட் எவ்வளவு, ஆனது எவ்வளவு, ரிஜெக்‌ஷன் எவ்வளவு, காரணம் என்னன்னு மணிக்கு மணி எழுதியிருப்பாங்க. யாரும் அதை ஒளிச்சு வைக்கறதில்லை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஷிஃப்ட்காரர் முதல்ல அதைத்தான் பார்ப்பார். 2002ல டிவிஎஸ் மோட்டார் டெமிங் பரிசு வாங்கிச்சு. ஜப்பான்காரங்க தரத்துக்காக 1951ல இருந்து கொடுத்துட்டு வர்ற பரிசு அது. அதோட அடிப்படைச் சிந்தனையே, தப்பை அது நடந்த இடத்துலயே பார்த்து, எழுதி, திரும்ப வராம பண்றதுதான். டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட்னு அதை நாம பேப்பரா படிக்கறோம், 16 மார்க் கேள்விக்கு படம் போட்டு எழுதறோம். எழுதின கையோட கீழ வொர்க்‌ஷாப்புக்குப் போய், போன வருஷம் பண்ணின தப்பையே திரும்ப வெல்டிங் பண்றோம்.

ஐஐடி மெட்ராஸ் ஆவிஷ்கார் டீமைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஹைப்பர்லூப் பண்றவங்க. 2017ல ஆரம்பிச்சாங்க, 2019ல ஸ்பேஸ்எக்ஸ் போட்டில ஃபைனல் வரைக்கும் போனாங்க, 2024 டிசம்பர்ல தையூர்ல 400 மீட்டருக்கு மேல டெஸ்ட் ட்ராக்கே போட்டுட்டாங்க. ஆரம்பிச்ச பசங்க எப்பவோ டிகிரி வாங்கிட்டுப் போயிருப்பாங்க, வேலை நிக்கலை. அவங்களுக்குப் பணம் இருக்கு, இடம் இருக்கு, நம்மளோட ஒப்பிடக் கூடாதும்பீங்க. ஒப்பிடலை. நான் கேக்கறது ஒரு நோட்டு, 60 ரூபா.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த அலமாரில யார் யார் இல்லைன்னு யோசிச்சுப் பார்த்தேன். லேத்ல முதல் தடவை டூல் பிட்டை சென்டர் ஹைட்டுக்கு வைக்கக் கத்துக்கொடுத்த லேப் அண்ணா எந்த போட்டோலயும் இல்லை. வண்டியோட சேஸிஸ்ல பாதி வெல்டிங் அவர் பக்கத்துல நின்னு சொல்லிச் சொல்லி போட்டது. அப்புறம் லேட்டரல் என்ட்ரி பசங்க. டிப்ளமோ முடிச்சுட்டு நேரா செகண்ட் இயர் வர்றவங்க. அவங்க முதல் செமஸ்டர்லயே எம்-3ல மாட்டிக்குவாங்க, ஃபூரியர் சீரீஸ் அவங்களுக்குப் பேய் மாதிரி. அதே பசங்க மில்லிங் மெஷின் முன்னாடி நின்னா நாம வாயைப் பொளந்து பார்ப்போம். எங்க ஹாஸ்டல்ல ஒரு ஏற்பாடு தானா உருவாச்சு. ராத்திரி அவங்களுக்கு நாங்க கணக்கு சொல்லிக் கொடுப்போம், சாயங்காலம் அவங்க எங்களுக்கு மெஷின் சொல்லிக் கொடுப்பாங்க. தமிழ்ல ஆரம்பிச்சு, தெலுங்குல திட்டி, கன்னடத்துல சமாதானம் ஆகற க்ளாஸ் அது, நம்ம ஊர் வழக்கப்படி. ஏழு பேர் அரியர் இல்லாம தப்பிச்சாங்க. என்னைக் கேட்டா எங்க பேட்ச் சாதனைகள்ல முதல்ல எழுத வேண்டியது இதுதான். எந்த ஃப்ளெக்ஸ்லயும் இது வராது.

ஆயில் ஊத்தின பொண்ணைப் பத்தியும் ஒரு வார்த்தை. எங்க க்ளாஸ்ல மொத்தம் மூணு பொண்ணுங்க. இதே மாவட்டத்துல டாட்டா எலக்ட்ரானிக்ஸ்ல ஆயிரக்கணக்கான பொண்ணுங்க வேலை செய்யறாங்க, போச்சம்பள்ளி பக்கத்துல ஓலா ஃபேக்டரியை முழுக்கப் பெண்களே நடத்துவாங்கன்னு 2021ல அறிவிச்சாங்க. மெஷின் முன்னாடி நிக்க அத்தனை பொண்ணுங்க வர்ற ஊர்ல, மெஷினை டிசைன் பண்ற க்ளாஸுக்கு மூணு பேர்தான் வர்றாங்கன்னா கோளாறு பொண்ணுங்க கிட்ட இல்லை. “ராயல் மெக்”னு டீ ஷர்ட் அடிச்சு, கானா பாடி, இது பசங்க கோட்டைன்னு காட்டிக்கறோம் பாருங்க, கொஞ்சம் அங்கயும் இருக்கு. அந்த டீ ஷர்ட் என்கிட்டயும் ரெண்டு இருக்கு.

இதை ஒரு நண்பன்கிட்ட படிக்கக் கொடுத்தேன். “சரிடா, ஆனா நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு அட்மிஷனே குறையுது. எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேக்கறாங்க. இந்த நேரத்துல தோத்ததை எழுதி வச்சா எவன் சேருவான்?”னு கேட்டான். நியாயமான பயம். எங்க சீனியர் பேட்ச்ல ரெண்டு செக்‌ஷன், எங்களுக்கு ஒண்ணு. காலி பெஞ்சைப் பார்த்துட்டுத்தான் நானும் எழுதறேன். ஆனா அந்த நோட்டை வாசல்ல மாட்டச் சொல்லலை. வாசல்ல கப்பே இருக்கட்டும், என் அப்பா மாதிரி அப்பாக்கள் நின்னு பார்க்கட்டும். நோட்டு வொர்க்‌ஷாப் உள்ள இருக்கட்டும். அதோட, அட்மிஷன் பயத்துல வெளியே கெத்து காட்டக் காட்ட உள்ள வெறும் கூடா ஆகிட்டோம்னா, சேர்ந்தவனை நாலு வருஷம் எதைக் காட்டி உக்கார வைப்போம்? ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூல என்னைக் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி, “உங்க வண்டில எது வேலை செய்யலை, ஏன்?” நிப்பிள் கதையைச் சொன்னேன். இருபது நிமிஷம் அதைப் பத்தியே பேசினாங்க. கப்பைப் பத்தி யாரும் கேக்கலை.

டிபார்ட்மென்ட் அசோசியேஷன்கிட்ட நான் கேக்கறது கொஞ்சம்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வைவா முடிஞ்ச வாரத்துல ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. ஒவ்வொரு டீமும் வந்து எது உடைஞ்சது, ஏன் உடைஞ்சது, எங்க வாங்கினோம், யார் உதவினாங்கன்னு தர்ட் இயருக்குச் சொல்லட்டும், நோட்ல எழுதட்டும். தமிழோ தங்கிலீஷோ, படம் கட்டாயம். ஆண்டறிக்கையில லேப் அண்ணாக்கள் பேரைப் போடுங்க. அசோசியேஷன் தொடக்க விழாவுக்கு வருஷா வருஷம் பெரிய மனுஷங்களைக் கூப்பிடறோம், ஒரு வருஷம் அந்த பாகலூர் ரோடு அண்ணாவைக் கூப்பிடுங்க. பொன்னாடை வேணாம், ஒரு காலிப்பரைக் கொடுத்து மேடையில நிறுத்தினா போதும்.

நாங்க காத்துக்கிட்டு இருக்கலை. நோட்டு வாங்கியாச்சு. வொர்க்‌ஷாப்ல டூல் அலமாரி, மேல் தட்டு, நீல அட்டை. முதல் பக்கத்துல காலிப்பர் படம், நிப்பிளுக்குச் சிவப்புப் பேனால அம்புக்குறி போட்டிருக்கேன். இப்போதைக்கு பதினோரு பக்கம்தான் நிரம்பியிருக்கு. அலமாரி சாவி லேப் அண்ணாகிட்ட இருக்கும், நாலரை மணிக்குள்ள போய்க் கேளுங்க, அவர் அஞ்சு மணி பஸ் பிடிக்கணும்.