நாக்கின் மேல் பழி!

"மரம் என்று சொல்" என்கிறார் ஆசிரியர். "மலம்" என்கிறது ஆறு வயதுக் குழந்தை. வகுப்பே கைகொட்டிச் சிரிக்கிறது. ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கிறார். மறுநாள் முதல் குழந்தை வாய் திறப்பதில்லை. வாய் திறவாத பிள்ளை வாசிப்பதெங்ஙனம்? அரையாண்டுத் தேர்வுக்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது: "மக்கு!"

வீட்டிலோ வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கிறார்கள். தேனில் தோய்த்த பொன்னூசியால் நாவில் எழுதுகிறார்கள். நாமகள் அங்கே வீற்றிருக்கிறாளாம்! வீற்றிருப்பவள் ரகரத்துக்கு மட்டும் இடந்தராதது ஏனோ? கேட்டால், முன்வினை என்பார்கள்.

தொல்காப்பியர் பிறப்பியல் என்றோர் இயலே வகுத்தார். நுனிநா மேலெழுந்து அண்ணத்தைத் தடவ ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று கண்டு சொன்னார். அது எழுத்தின் பிறப்பு, ஆளின் பிறப்பன்று! ஆனால், பிள்ளை எந்தத் தெருவில் பிறந்தான் என்று பார்த்தே, "இவனுக்கு நாக்குத் திருந்தாது" என்னும் பேர்வழிகள் இன்றும் உளர். பழத்தைப் 'பளம்' என்பது வட்டார வழக்கு, நோயன்று. அதற்கும் குட்டுகிறவரைக் குட்டுவது யார்?

ரகரமும் ழகரமும் நாவுக்குப் பிந்தி வாய்ப்பவை. நான்கு வயதில் தடுமாறினால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை; ஆறிலும் நீடித்தால் ஆராய வேண்டும். 'மலம்' என்று சொல்லியும் 'மரம்' என்றே எழுதும் பிள்ளைக்கு ஒலி தெரியும். பின்தங்கியது நாக்கு மட்டுமே. சொல்வதுபோலவே எழுதும் பிள்ளைக்கோ, பெரும்பாலும், இரண்டொலியும் உள்ளத்தில் பிரியவில்லை. படிப்பில் இடறப்போகிறவன் இவனே. இவனை நூறுமுறை எழுதச் சொல்வது கல்வியா, கசையடியா? முதலில் காதைச் சோதியுங்கள்; நடுச்செவியில் நீர் கோத்த பிள்ளைக்குச் சொற்கள் மங்கியே கேட்கும். பிறகு காலும் காரும் வரைந்த படங்களைக் காட்டி, நாம் சொல்வதைத் தொடச் சொல்லுங்கள். விளையாட்டாகவே ஒலி பிரியும். நாக்குத் திருந்தட்டும் என்று அதுவரை ஏட்டை மூடி வைக்கவும் வேண்டாம். எழுத்தைக் கண்ணால் காண்பதே ஒலியைப் பிரிக்கத் துணைசெய்யும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிக்கும் 21 வகைகளுள் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. கற்றல் குறைபாடும் உண்டு. ஏட்டில் உண்டு! நாட்டில்? சிற்றூர்ப் பள்ளி வாசலைப் பேச்சுப் பயிற்சியாளர் மிதித்தது எத்தனை முறை? தோழர்களே, பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது எழுந்து நின்று கேளுங்கள். வசம்பு தெருக்கோடிக் கடையிலேயே கிடைக்கிறது. காதைச் சோதிக்கவோ, ஒருநாள் கூலியை இழந்து மாவட்ட மருத்துவமனைக்குப் பேருந்தேற வேண்டியிருக்கிறது அந்தத் தாய்.