'நோ' என்றாள் பேத்தி

அண்மையில் எனது மகளும் மருமகனும் தங்களது ஒன்றரை வயதுப் பெண்குழந்தைக்காகக் கொழும்பில் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றைத் தேடி அலைந்தார்கள். நானும் உடன்சென்றேன். பத்திரிகைத் துறையில் நாற்பது வருடங்களுக்கும் மேலாக எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டுப் பழகிய எனக்கு, கேட்கவேண்டிய கேள்வி எதுவென்று தெரியாமற்போன சந்தர்ப்பம் அது.

எமது நாட்டில் தனியார் துறையில் பணிபுரியும் பெண்ணுக்குச் சட்டம் வழங்கும் மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள். அது முடிகிறபோது பிள்ளை அப்போதுதான் உடம்பு பிரட்டப் பழகியிருக்கும். அதன்பிறகு அம்மம்மாவே கதி. எங்கள் வீட்டிலும் அவ்வாறே நடந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகப் பேத்தியைத் தூக்கி வளர்த்த எனது மனைவிக்கு முழங்கால் வலி முற்றி, மாடிப்படி ஏறவும் முடியாமற் போயிற்று. வேலையை விட்டுவிடலாமா என்று மகள் யோசித்தாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், ஒரு சம்பளத்தில் கொழும்பில் வாடகைவீட்டுக் குடித்தனம் எத்தகையது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் தெரிவுசெய்த நிலையம் பார்வைக்கு மிக அழகானது. சுவரெல்லாம் சித்திரங்கள், குளிரூட்டிய அறை, அலுவலகத்தில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் பிள்ளையைப் பார்ப்பதற்குக் கமரா. பிள்ளைகளுடன் ஆங்கிலத்தில் மாத்திரமே பேசுவோம் என்று பொறுப்பாளர் பெருமையுடன் சொன்னார். நாங்களும் மகிழ்ந்துபோனோம். கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிவரை வைத்திருப்பீர்கள் என்ற இரண்டு கேள்விகளுடன் எங்கள் விசாரணை முடிவடைந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு "நோ, நோ" என்று காலையிலிருந்து அழுதிருக்கிறாள். எங்கள் வீட்டுத் தமிழில் நோ என்றால் வலி. அங்கிருந்த இளம் பெண்களோ அதை ஆங்கிலமென்று விளங்கிக்கொண்டு, உணவு வேண்டாம் என்கிறாள், உறங்க மறுக்கிறாள் என்று எண்ணியிருக்கிறார்கள். மாலையில் அழைத்துவரச் சென்ற மகளிடம், "இன்று எல்லாவற்றுக்கும் நோ சொல்கிறாள்" என்று சிரித்தபடியே சொன்னார்களாம். அன்றிரவு கடுங்காய்ச்சல். காதினுள் கிருமித்தொற்று என்றார் மருத்துவர்.

மகள் அன்று கமராவில் இரண்டு தடவைகள் பார்த்திருக்கிறாள். பிள்ளை தெரிந்தது. ஆனால், அதில் ஒலி இல்லை.

அந்தப் பெண்கள்மீது எனக்குக் கோபமில்லை. பதினைந்து பிள்ளைகளை இருவர் பார்த்துக்கொண்டார்கள். சொற்ப சம்பளம். சில மாதங்களில் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார்கள். அவர்கள் எப்படி ஒவ்வொரு பிள்ளையினதும் மொழியை அறிவார்கள்? தவறு எங்களுடையது. கட்டடத்தைப் பார்த்தோமேயன்றிப் பிள்ளையைத் தூக்கப்போகும் கைகளைப் பார்க்கவில்லை.

எண்பதுகளில் செய்தி சேகரிப்பதற்காக மலையகத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தபோது பார்த்த பிள்ளைமடுவம் நினைவுக்கு வந்தது. இருண்ட அறை, வரிசையாகத் துணித்தொட்டில்கள். வசதி என்று சொல்ல எதுவுமில்லை. அதைப் புகழ்வது என் நோக்கமுமல்ல. ஆனால், கொழுந்து பறிக்கும் தாய் இடைநேரத்தில் வந்து பாலூட்டிச் சென்றாள். தொட்டிலை ஆட்டிய ஆயாவோ அதே லயத்தைச் சேர்ந்தவர். எந்தப் பிள்ளை எதற்காக அழுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது பேத்தி செல்வது தெஹிவளையில் ஒரு பழைய வீட்டுக்கு. மணல் முற்றம், ஏழெட்டுப் பிள்ளைகள், சித்திரமுமில்லை கமராவுமில்லை. நடத்துபவர் ஒரு சிங்களப் பெண்மணி, உதவிக்கு இருவர். நாங்கள் கேள்வி கேட்க முன்பே அவர் கேட்கத் தொடங்கினார். பிள்ளை எப்படி உறங்கும்? எதற்குப் பயப்படும்? எது ஒத்துக்கொள்ளாது? உங்களைத் தவிர யார் அழைத்துச்செல்ல வரலாம்? கடைசியாக ஒரு கொப்பியை நீட்டி, பிள்ளை சொல்லும் சொற்களைச் சொல்லுங்கள் என்றார். மகள் சொல்லச்சொல்லச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். நோ என்ற சொல்லை மகள்தான் முதலாவதாகச் சொன்னாள்.

பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள், பராமரிப்பவர் எவ்வளவு காலமாக அங்கே வேலைசெய்கிறார் என்று கேளுங்கள், முன்னறிவித்தலின்றி ஒருநாள் போய்ப் பாருங்கள். அவற்றைவிட முக்கியமாக, அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். கட்டணத்தைத் தவிர வேறெதுவும் பேசாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

அத்துடன் இது பெற்றோரின் சாமர்த்தியத்தில் மாத்திரம் தங்கியிருக்க வேண்டிய விடயமுமல்ல. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 18ஆம் உறுப்புரை, தொழில்புரியும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்புச் சேவைகளைப் பெறும் உரிமை உண்டு என்கிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இந்த நாட்டின் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருப்பதாகப் பொருளியலாளர்கள் கவலைப்படுகிறார்கள். ஏனையோர் ஏன் வருவதில்லை என்பதற்கான விடையின் ஒரு பகுதி, நம்பிப் பிள்ளையை விட்டுச்செல்ல இடமில்லை என்பதே. தெஹிவளைப் பெண்மணியைப் போன்ற ஒருவர் அமைவது எங்களுக்கு அதிர்ஷ்டமாக இருந்தது. உரிமை என்று எழுதப்பட்ட ஒன்று அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாது.