டீமேட் கணக்கைத் தொடும் ஏ.ஐ... அதற்குப் பாடம் எடுப்பது யார்?

“என்கிட்ட இருக்குற பங்குகள்ல இந்த மாசம் எது ரொம்ப இறங்கியிருக்கு?”

ஆப்பைத் திறந்து தேட வேண்டாம். ஏ.ஐ-யிடம் இப்படிக் கேட்டாலே போதும், பதில் வந்துவிடும். பெங்களூரைச் சேர்ந்த பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, 2025-ல் ‘கைட் எம்.சி.பி’ என்ற டூலை வெளியிட்டது. அதன் மூலம் நம் டிரேடிங் கணக்கை கிளாட் போன்ற ஏ.ஐ-யுடன் இணைக்க முடியும்.

எம்.சி.பி என்பது வெளியில் இருக்கும் டூல்களை ஏ.ஐ பயன்படுத்துவதற்கான பொது விதிமுறை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் இதை வெளியிட்டது. ஏ.ஐ நம் கணக்கைத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வொரு டூலுடனும் வரும் ஒரு குறிப்பைப் படிக்கும். டூலின் பெயர், அது என்ன செய்யும், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என எல்லாம் அதில் இருக்கும்.

அந்தக் குறிப்பை எழுதுவது யாரோ ஒரு மனிதர்தான். நம் பணம் பத்திரமாக இருப்பதில் அந்த நாலு வரிக்கும் பங்கு உண்டு.

மனிதருக்குப் புரியும், ஏ.ஐ-க்கு?

“ரிலையன்ஸ் ஒரு பத்தாயிரத்துக்கு வாங்கிப் போடுங்க” என்று தரகரிடம் போனில் சொன்னால், “இண்டஸ்ட்ரீஸா, பவரா சார்?” என்று கேட்பார். ஏ.ஐ-யும் கேட்கலாம். கேட்காமல் தானே ஒன்றை முடிவு செய்தும்விடலாம்.

ஆர்டர் போடும் டூலில் ‘குவான்டிட்டி’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் நிரப்ப வேண்டியது பங்குகளின் எண்ணிக்கை, ரூபாய் அல்ல. குறிப்பில் இது தெளிவாக இல்லையென்றால், பத்தாயிரம் ரூபாய் பத்தாயிரம் பங்குகளாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

அடுத்தது, பங்கை எந்த வகையில் வாங்குவது என்பது. ‘சி.என்.சி’ என்றால் டெலிவரி. பங்கு நம் கணக்கிலேயே இருக்கும். ‘எம்.ஐ.எஸ்’ என்றால் இன்ட்ரா டே. சந்தை முடியும் நேரத்துக்குள் நாம் விற்காவிட்டால், தரகு நிறுவனமே விற்றுவிடும். மூன்றே எழுத்துதான் வித்தியாசம். மகள் கல்யாணத்துக்காக வாங்கிய பங்கு அன்றைக்கே கைவிட்டுப் போக அது போதும்.

4,000 கோடி யென் பாடம்

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2005 டிசம்பர் 8 அன்று, ஜப்பானின் மிசுஹோ செக்யூரிட்டீஸ் ஊழியர் ஒருவர் ‘ஜே-காம்’ நிறுவனத்தின் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியிருந்தது. எண்கள் இடம் மாறிப்போய், 6,10,000 பங்குகளை தலா 1 யென்னுக்கு விற்பதாக ஆர்டர் போய்விட்டது. ரத்து செய்யப் பார்த்தார்கள். டோக்கியோ பங்குச் சந்தையின் கணினி ஏற்கவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென்.

இத்தனைக்கும் அங்கே கீபோர்டில் தட்டியது ஒரு மனிதர்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்?

ஏஜென்ட் ஓர் ஆர்டரை அனுப்புகிறது, நெட் கட்டாகிவிடுகிறது, பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘போகவில்லை போலிருக்கிறது’ என்று அது மறுபடி அனுப்பினால், ஒரே பங்கை இரண்டு முறை வாங்கிவிடுவோம். அதனால், ‘பதில் வராவிட்டால் முதலில் ஆர்டர் பட்டியலைப் பார், அதில் இல்லையென்றால் பயனரிடம் கேள்’ என்று குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். ஆர்டர் நம்பர் கிடைத்ததாலேயே பங்கு வாங்கியாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் குறிப்பு என்பது குறிப்புதான். ‘உள்ளே வராதே’ என்று வாசலில் போர்டு மாட்டுவதும், கதவைப் பூட்டுவதும் ஒன்றல்ல. ‘இந்த டூல் பார்க்க மட்டும்தான்’ என்று அடையாளம் போட எம்.சி.பி-யில் வசதி இருக்கிறது. அதையும் ஒரு ‘ஹின்ட்’ என்றுதான் அந்த விதிமுறை சொல்கிறது, உத்தரவாதமாக அல்ல.

ஜெரோதா இந்த விஷயத்தில் பூட்டையே போட்டது. டூலை வெளியிட்டபோது, அந்த நிறுவனமே நடத்தும் சர்வர் வழியாகக் கணக்கைப் பார்க்க முடிந்தது, பங்குகளை வாங்கவோ விற்கவோ முடியவில்லை. ஆனால், இந்த டூல் ஓப்பன் சோர்ஸ். தங்கள் கணினியில் சொந்தமாக நிறுவிக்கொள்பவர்கள் ஆர்டர் போடும் வசதியையும் திறந்துகொள்ளலாம். அங்கே பூட்டும் சாவியும் அவரவர் பொறுப்பு.

இணைக்கும் முன் 3 கேள்விகள்

1. இந்த டூலால் பார்க்க மட்டும்தான் முடியுமா, ஆர்டரும் போட முடியுமா? பார்ப்பது மட்டுமே போதும் என்றால், ஆர்டர் அனுமதியைக் கொடுக்காதீர்கள்.

2. ஒவ்வொரு ஆர்டருக்கு முன்பும் பங்கின் முழுப் பெயர், எண்ணிக்கை, விலை, டெலிவரியா இன்ட்ரா டேயா என்பதைக் காட்டி நம்மிடம் சம்மதம் கேட்கிறதா? ‘எப்போதும் அனுமதி’ என்ற பட்டனைத் தட்டிவிட்டால், அந்தக் கேள்வியே வராமல் போகலாம்.

3. டூலைத் தருவது தரகு நிறுவனமா, முகம் தெரியாத யாரோவா? டெலிகிராமில் வரும் லிங்க்கை நம்பி லாக்-இன் செய்யவே கூடாது.

பங்கு வாங்கித் தரும் ஏ.ஐ தப்பு செய்தாலும், கான்ட்ராக்ட் நோட் வருவது நம் பெயரில்தான். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ டிரேடிங் செய்கிறவர் என்றால், இந்த மூன்று கேள்விகளையும் அவருடன் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்!