காப்பிக்கு விலை ஏறியது. பழம் பறிக்கும் கைக்கு?



"என்னப்பா, கோப்பி விலை இப்படி ஏறிப் போச்சே!" என்று கடையில் அலுத்துக் கொள்கிறோம். காரணம் தூரத்தில் இருக்கிறது. பிரேசிலில் மழை பொய்த்தது, வியட்நாமிலும் வறட்சி. 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் அராபிக்கா காப்பியின் விலை, 1977ஆம் ஆண்டின் பழைய உச்சத்தைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் ஒரு ராத்தல் நான்கு அமெரிக்க டாலருக்கும் மேலே போயிற்று.

இந்தச் செய்தி காதில் விழுந்ததும், "வீட்டுப் பக்கம் துண்டு நிலம் கிடக்குதே, காப்பி நட்டால் என்ன?" என்று சிகாமட் வட்டாரத்தில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்குப் பார்க்காமல் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது.

அராபிக்கா குளிர்ந்த மலைக்கு உரிய பயிர். நம் ஜொகூர் மண்ணுக்கு ஏற்றது லிபெரிக்கா. சிகாமட்டில் ரயிலேறி லாபிஸ், பெக்கோக், பாலோ தாண்டினால் வரும் குளுவாங், காப்பிக்குப் பெயர் பெற்ற ஊர். லிபெரிக்காவின் மரம் உயரம், இலை அகலம், கொட்டை பெரிது. நல்ல கொட்டையில் பலாப்பழ வாசனை இருக்கும் என்பார்கள். ஆனால் தோலும் சதையும் தடிமன். ஏறத்தாழ பத்து கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ காய்ந்த கொட்டை கிடைக்கும். நட்டு மூன்று, நான்கு ஆண்டு காத்திருக்கவும் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். 2006, 2011, 2023 வெள்ளங்களைக் கண்ட சிகாமட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, நல்ல காப்பி எங்கே பிறக்கிறது? கடைக்காரன் கெண்டியிலா? இல்லை. பறிப்பவர் கையில்! ஒரே கிளையில் பச்சையும் இருக்கும், பழமும் இருக்கும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். சில நாள் கழித்து அதே மரத்துக்குத் திரும்பி வர வேண்டும். பறித்ததைத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் சொத்தையை நீக்க வேண்டும். தோலுரித்து, வழவழப்புப் போகக் கழுவி, மண் படாமல் காய வைக்க வேண்டும். பச்சைக்காய் கலந்தால் கசப்பும் துவர்ப்பும் ஏறும். சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்தால் அந்தக் குறை மறையலாம். ஒருமுறை சீனியில்லாமல் குடித்துப் பாருங்கள். நாக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

இங்கேதான் கூலிப் பிரச்சினை வருகிறது. எடைக்கு மட்டும் கூலி என்றால் பச்சைக்காயும் கூடைக்குள் போகத்தான் செய்யும். அது பறிப்பவர் குற்றமா? கூலி முறையின் குற்றம்! செம்பனையில் நமக்கு இது பழகிய கதை. பச்சைக் குலை வெட்டினால் அபராதம் போடத் தெரிகிறது. பழுத்த குலையாகப் பார்த்து வெட்டினால் தனியாக என்ன கொடுக்கிறார்கள்? தரம் வேண்டும் என்பவன் தரத்துக்குக் கூலி கொடுக்கட்டும்.

காப்பி நமக்குப் புதுச் சொந்தமல்ல. நம் இனத்தார் இலங்கைக் காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்ததே காப்பித் தோட்டத்துக்காகத்தான். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869இல் அங்கே இலைத் துருநோய் தலைகாட்டியது. இருபது ஆண்டுக்குள் காப்பி அழிந்து தேயிலை வந்தது. மலாயாவிலும் முதலில் காப்பி நட்டார்கள். 1890களில் பிரேசில் காப்பி குவிந்து விலை விழுந்ததும், அதே நிலத்தில் பால்மரம் ஏறியது. பிறகு 1989இல், நாடுகளுக்குள் ஏற்றுமதி அளவைப் பங்கிட்டு வந்த உலக ஒப்பந்தம் முறிந்ததும் விலை சரிந்தது. ஏறின விலை இறங்கும். இறங்கும்போது முதல் அடி வாங்குவது கூலிக்காரன் வயிறு.

ஆகவே மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, தோட்ட நிலத்தில் நடுவதானால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ப் பேச்சை நம்பி நட்டால் மரம் காய்க்கும் நேரத்தில் "நிலம் எங்களுடையது" என்பார்கள். இரண்டு, இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். காப்பி துணை வருமானமாக இருக்கட்டும். மூன்று, தனித்தனியாக மூட்டை தூக்கிப் போய் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்காதீர்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து, பழுத்த பழத்துக்கு ஒரு விலை, கலந்ததற்கு வேறு விலை என்று முதலிலேயே பேசி எழுதிக் கொள்ளுங்கள்.

நடக்கிற காரியமா என்று கேட்கலாம். 1957இல் இந்தியக் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடியபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ.கே.கோபாலன் வழிகாட்டலில் பெங்களூரில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பரிமாறிய கைகளே கடை நடத்தின. இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் நிற்கிறது. அவர்களும் நம்மைப் போல் மாதச் சம்பளத்தை நம்பி இருந்தவர்கள்தான்.

நல்ல காப்பியின் மணம் நம் கையில் பிறக்கிறது. அந்தக் கைக்குரிய விலையை நாம் கேட்காமல் யார் கேட்பார்கள்?