தாடி வெச்சா டீசன்ட் இல்லையா?

போன திங்கட்கிழமை காலேஜ் கேட்டிலேயே நிறுத்திட்டாங்க. காரணம், மூணு நாள் தாடி. "ஷேவ் பண்ணிட்டு வா, டீசன்ட்டா இருக்கணும்"னு அறிவுரை வேற. மணலியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவன், சலூன் தேடி அலைஞ்சதுல முதல் ரெண்டு கிளாஸ் போச்சு.

மழுமழு முகம்தான் மரியாதைன்னு 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கனவான்களும் நினைச்சாங்க. தலையில பவுடர் போட்ட விக், கையில ஷெஃபீல்டு எஃகுல செஞ்ச மடக்குக் கத்தி, முகத்துல ஒரு முடி கிடையாது. சரி, அது அவங்க ஃபேஷன். வம்பு எங்கேன்னா, அதை அடுத்தவன் தாடையில திணிச்சதுலதான்.

1806ல மெட்ராஸ் ராணுவத் தளபதி கிராடக் காலத்துல வந்த உத்தரவு: அணிவகுப்புல தாடி கூடாது, மீசை சொன்ன அளவுல இருக்கணும், நெற்றியில சமயக்குறி கூடாது, கடுக்கன் கூடாது. கூடவே தோல் வெச்ச புதுத் தலைப்பாகை. ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில வெடிச்சது. தாடி மட்டுமே காரணம்னு சொல்லலை. ஆனா அந்த உத்தரவை வாபஸ் வாங்கினாங்க. கிராடக்குக்கும் கவர்னர் பெண்டிங்க்குக்கும் பதவி போச்சு.

காமெடி என்னன்னா, பின்னாடி அதே பிரிட்டிஷ் ராணுவம் மேலுதட்டை மழிக்கவே கூடாதுன்னு விதி போட்டுச்சு. 1916 வரைக்கும் அது இருந்துச்சு! அப்போ எது டீசன்ட்?

சுத்தமா வரச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். நான் படிக்கிறது பி.காம். சார், என் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகுதான்னு பாருங்க. தாடையை விட்டுடுங்க.