இல்லமும் நலமும்: சோடா நீரும் பசியும்



2025ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் நம் சங்கம் நடத்திய பொங்கல் விழாப் பந்தியில் நான் உதிர்த்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இம்மாதம் இப்பகுதியை எழுதுகிறேன்.

அன்று என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர் தம் வயிற்றைத் தடவியவாறு, “உடம்பு இளைப்பதற்கு எளிய வழி ஏதேனும் உண்டா? மாதந்தோறும் நலம் பற்றி எழுதுகிறவர் ஆயிற்றே, சொல்லுங்கள்” என்று கேட்டார். சோடா நீர் எடையைக் குறைக்க உதவக்கூடும் என்ற கருத்தில் ஒரு தலைப்பை அன்று காலையில்தான் நாளிதழில் பார்த்திருந்தேன். உடனே பெரிய மருத்துவனைப்போல், “வேளைக்கு ஒரு சோடா குடியுங்கள். பசியும் அடங்கும், எடையும் இறங்கும். சர்க்கரை சேராத வெறும் சோடாவில் கெடுதல் ஒன்றும் இல்லை” என்று தீர்ப்பு வழங்கிவிட்டேன். தலைப்பைப் படித்தேனேயன்றி, அதன் கீழிருந்த செய்தியை நான் படிக்கவில்லை. எதிர் வரிசையில் அமர்ந்திருந்த என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதையும் நான் கவனிக்கவில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் மற்றொரு பிழையும் செய்திருந்தேன். ஏப்ரல் மாதத்தில் அவளுடைய தங்கைக்குத் தஞ்சையில் திருமணம். பட்டுப் புடவைக்குத் தைத்திருந்த பழைய ரவிக்கை இறுகிப்போயிற்று என்று அவள் வருந்தியபோது, “துணி சுருங்கவில்லை, நீதான் வளர்ந்துவிட்டாய்” என்று கூறி நகைத்தேன். விளையாட்டாகச் சொன்னேன் என்பது என் நினைப்பு. கேட்டவளுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து திரும்புகையில் எங்கள் ரயில்வே குடியிருப்பின் வாயிலில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் என்னை நிறுத்தி, “பாபுஜி, வீட்டில் நாள்தோறும் விருந்தா? தினமும் மூன்று சோடா போகிறதே!” என்று கேட்டார். கோடை தொடங்கிவிட்டதல்லவா என்று நானும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு காலை, அடுக்களையில் நீர்க்குடத்தைத் தூக்கியவள் அப்படியே மயங்கிச் சாய்ந்தாள்.

மருத்துவமனையில் விசாரித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. ஐந்து வாரங்களாக அவள் இரவு உணவு கொள்ளவில்லை. காலையிலும் பல நாட்கள் ஒரு சோடாவோடு நிறுத்தியிருக்கிறாள். எனக்கும் குழந்தைகளுக்கும் பரிமாறிவிட்டு, “நான் பிறகு சாப்பிடுகிறேன்” என்று சொல்லி வந்தாள். அந்தப் ‘பிறகு’ வந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9 கிராம் என்று தெரிந்தது. கருவுறாத பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. “இரத்தக் குறைவு பழையது, பட்டினி புதியது. இரண்டும் சேர்ந்து கீழே தள்ளிவிட்டன” என்றார் அந்த அம்மையார். “இது யார் சொல்லிக் கொடுத்த வைத்தியம்?” என்றும் கேட்டார். என் மனைவி பதில் கூறவில்லை. வீட்டுக்கு வந்த பின்னர், “பத்திரிகையில் எழுதுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்” என்று மட்டும் கூறினாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பின்னரே, ஆங்கிலத்தில் தேர்ந்த நண்பர் ஒருவரின் துணையுடன் அச்செய்தியை முழுவதும் படித்தேன். முன்னரே செய்திருக்க வேண்டிய காரியம். படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

சோடா நீர் என்பது அழுத்தத்தினால் கரியமில வாயுவைக் கரைத்த நீரேயாகும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் மதுவடிசாலை ஒன்றின் அண்டையில் வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர், புளிக்கும் தொட்டிகளின் மேலே தங்கிய வாயுவை நீரில் கலக்கலாம் என்று 1767ஆம் ஆண்டில் கண்டார். 1772இல் அதன் செய்முறையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதற்குச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கோலி அடைத்த புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் புட்டியை மூடிவிடுகிறது. நம் ஊரில் கோலி சோடா என்றும் தில்லியில் பண்ட்டா என்றும் வழங்குவது இதுவே.

இந்நீர் பசியை அடக்குமா? சிறிது நேரம் அடக்கும். நன்கு அழுத்தி நிரப்பிய சோடாவில் நீரின் அளவைப்போல் 3 அல்லது 4 மடங்கு வாயு அடங்கியிருக்கிறது. இரைப்பையின் வெப்பத்தில் அவ்வாயு வெளிப்பட்டு இரைப்பையை விரிக்கிறது. இரைப்பை விரிந்த செய்தியை நரம்புகள் மூளைக்குக் கொண்டு செல்ல, வயிறு நிறைந்ததென்ற எண்ணம் உண்டாகிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இரவு முழுவதும் உண்ணாதிருந்த 19 இளம் பெண்களுக்கு 250 மில்லி லிட்டர் சோடா நீரும், வேறொரு நாளில் அதே அளவு வெறும் நீரும் கொடுத்துப் பார்த்தனர். சோடா குடித்தபோது வயிறு நிறைந்த உணர்வு மிகுந்திருந்தது. ஆனால் குடித்த பின் அவர்கள் கவனித்தது 40 நிமிடங்களே. ஏப்பம் வெளியேறினால் வாயுவும் வெளியேறிவிடும். பின்னர் பசி திரும்பி வந்துவிடும்.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. பாலஸ்தீனத்தில் பிர்சைட் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். வாயு நிறைந்த பானங்களைப் பருகிய எலிகள், வாயு நீக்கிய பானத்தையும் வெறும் நீரையும் பருகிய எலிகளைக் காட்டிலும் அதிகமாக எடை கூடின. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு அவற்றிடம் மிகுந்திருந்தது. 20 இளைஞர்களைச் சோதித்தபோதும் வாயு நிறைந்த பானத்துக்குப் பின் அச்சுரப்பு உயர்ந்ததாம். எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று கூற இயலாது. 20 பேரைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுக்கவும் இயலாது. எனினும், சோடா பசியை அடக்கும் என்று அடித்துக் கூறுவோர் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, என்னைத் தவறச் செய்த அந்தத் தலைப்புக்கு வருகிறேன். ஜப்பானிய மருத்துவர் அகிரா தகஹாஷி 2025 ஜனவரியில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். சோடாவிலுள்ள கரியமில வாயு இரத்தத்தில் கலந்தால், சிவப்பணுக்கள் சர்க்கரையைச் சற்று விரைவாக ஏற்றுக்கொள்ளக்கூடும் என்று அவர் கருதினார். சிறுநீரகம் பழுதுற்றோரின் இரத்தத்தைக் கருவியினால் தூய்மை செய்யும் சிகிச்சையை அதற்கு ஒப்புமையாக எடுத்துக்கொண்டார். 4 மணி நேரத்தில் சுமார் 48 லிட்டர் இரத்தம் கருவியின் வழியே ஓடியும், அதனால் செலவாகும் சர்க்கரை சுமார் 9.5 கிராம்தான் என்று கணக்கிட்டார். 9.5 கிராம் என்பது நாம் ஒரு குவளை காப்பியில் இடும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். அவ்வளவு பெரிய சிகிச்சைக்கே பயன் இவ்வளவுதான் என்றால், ஒரு புட்டி சோடாவுக்கு என்ன பயன் இருக்கும்? சோடா நீரை மட்டும் நம்பி எடை குறைக்க இயலாது, உணவில் அளவும் உடற்பயிற்சியும் வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். தலைப்புக்குக் கீழே அது அச்சாகியிருந்தது. கண்ணிருந்தும் படியாதவன் நான்.

அப்படியாயின் நீர் அருந்துவதால் ஒரு பயனும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், 55 முதல் 75 வயது வரையிலான பருமனுற்றோர் இரு பிரிவாக 12 வாரங்கள் குறைந்த உணவு உண்டனர். ஒவ்வொரு வேளை உணவுக்கும் முன் அரை லிட்டர் வெறும் நீர் பருகிய பிரிவினர் மற்றவரினும் சுமார் 2 கிலோ கூடுதலாக இளைத்தனர். இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். நீர் உணவுக்கு முன் பருகப்பட்டது; உணவுக்குப் பதிலாக அன்று. உணவும் அளவோடு இருந்தது. நீரில் வாயு தேவைப்படவும் இல்லை. வீட்டுக் குழாயின் நீரே காய்ச்சி ஆறிய பின் அப்பணியைச் செய்யும்.

இனிப்புச் சேர்ந்த பானங்களின் கதை முற்றிலும் வேறு. கோலா வகையில் 300 மில்லி லிட்டருக்குச் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும், 25 கிராமுக்குக் குறைந்தால் இன்னும் நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய அறிவுரையின் பொருள். ஒரே புட்டியில் அந்த நல்ல அளவு கடந்துவிடுகிறது. பன்னீர் சோடாவும் சர்க்கரைப் பாகு ஊற்றிய எலுமிச்சை சோடாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. அவற்றுக்குப் பதிலாக வெறும் சோடாவைக் குடிப்பவர் நிச்சயம் இலாபம் அடைவார். சோடாவினால் எனக்குத் தெரிந்தவரை கிடைக்கும் மெய்யான இலாபம் அது ஒன்றே. இரத்த அழுத்தம் உடையோர் உப்பிட்ட சோடாவைத் தவிர்க்க வேண்டும். நெஞ்செரிவும் வயிற்றுப் பொருமலும் உடையோர் எந்தச் சோடாவிலும் எச்சரிக்கையாக இருத்தல் நன்று.

நம் குடும்பங்களில் எடை கூடுவது ஏன் என்பதை அறியச் சோடாக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இவ்வூருக்கு வந்த நாம் சப்பாத்தியைச் சோற்றுக்குப் பதிலாக ஏற்கவில்லை. சோற்றுக்கு முன்னால் ஏற்றோம். நான்கு சப்பாத்தி உண்ட பின்னரும், “கொஞ்சம் ரசஞ்சாதம்” என்று கை நீட்டுகிறோம். ஊரிலிருந்து வருவோர் முறுக்கும் மிக்சரும் கொண்டுவராமல் வருவதில்லை. பகல் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து மாலையில் தொலைக்காட்சிக்கு முன் அமர்கிறோம். இவற்றில் ஒன்றையும் மாற்றாமல், ஒரு புட்டி வாயுவினால் எல்லாம் சரியாக வேண்டும் என்று விரும்புகிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது கீரையும் கொண்டைக்கடலையும் அடிக்கடி இடம் பெறுகின்றன. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் நடக்கிறது. இரவில் சப்பாத்தி அல்லது சோறு, இரண்டில் ஒன்றுதான். உணவுக்குப் பின் இருவரும் குடியிருப்பை அரை மணி நேரம் சுற்றி வருகிறோம். ஏப்ரல் திருமணத்துக்கு ரவிக்கையைப் பிரித்து ஓர் அங்குலம் விட்டுத் தைத்தோம். அவள் நன்றாகவே இருந்தாள் என்பதை அன்றைக்கு அவளிடம் சொன்னேன், இங்கும் எழுதுகிறேன்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தியில் என் சொல்லைக் கேட்டு யாரேனும் உணவை விட்டுச் சோடா குடித்து வந்தால், இன்றே நிறுத்திவிடுங்கள். விடுதிகளில் தங்கிப் படிக்கும் பெண்மக்கள் உள்ள பெற்றோர் இதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். இன்னும் ஒன்று: இன்றிரவு பரிமாறியவர் பிறகு சாப்பிட்டாரா என்று கேளுங்கள், கூடுமானால் சேர்ந்தே உட்காருங்கள்.