விலை முக்கியம்தான், கேட்கும் காது அதைவிட முக்கியம்!

நம்ம தேனி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஏலக்காயும் திராட்சையும் விளையற ஊரில் உட்கார்ந்துகொண்டு, "சின்ன விமானத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில் எந்த டிராக்கிங் கருவி வாங்கலாம்?" என்று ஒருத்தன் எழுதினால் சிரிப்புத்தான் வரும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள் நண்பர்களே!

2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டபோது, விமானப்படை ஹெலிகாப்டர்கள் நம்ம மலைக்குத்தான் வந்தன. நாளைக்கு ஒரு பயிற்சி விமானம் வழிதவறி மேகமலைப் பக்கம் விழுந்தால் காட்டுக்குள் தேடப் போவதும் நம்ம ஜனங்கள்தான். ஆக, இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் இல்லை.

எங்க அய்யா மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். விலையைக் கடைசியில்தான் கேட்பார். டிராக்கிங் கருவிக்கும் அதே கதைதான். "என்ன விலை?" என்பது கடைசிக் கேள்வி. "இது கத்தினால் யார் கேட்பார்கள்?" என்பதே முதல் கேள்வி என்பது என் கருத்து.

உதாரணம் நம்ம கம்பத்திலேயே இருக்கிறது. 2023 ஏப்ரல் 29-ல் கேரள வனத்துறை அரிக்கொம்பன் யானையைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்டது. மே 27-ல் அதே யானை, அதே காலரோடு கம்பம் தெருவில் ஓடியது! ஊரே வீட்டுக்குள் பூட்டிக்கொண்டது. ஜூன் 5-ல்தான் பிடிபட்டது. கருவி இருந்தால் மட்டும் போதாது. அது சொல்லும் சேதி, தேவைப்படுகிறவனுக்கு நேரத்தில் போய்ச் சேரவேண்டும்.

இப்போது விமானத்துக்கு வருவோம். இன்று எல்லோரும் பேசுவது ஏ.டி.எஸ்.-பி. ஜி.பி.எஸ். மூலம் தன் இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டு, 1090 மெகாஹெர்ட்சில் நொடிக்குச் சுமார் இரண்டு முறை விமானமே அறிவித்துக்கொண்டு போகும் முறை அது. நல்ல முறைதான். ஆனால் அந்த அலை நேர்கோட்டில்தான் போகும். ஒரு சின்னக் கணக்கு: 900 மீட்டர் உயரத்தில் பறந்தால், 900-க்கு வர்க்கமூலம் 30, அதை 4.12-ஆல் பெருக்கினால் சுமார் 124 கிலோமீட்டர். சமவெளியில் அவ்வளவு தூரம் எட்டும். நம்ம பள்ளத்தாக்கில்? மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். மலைக்கு இந்தப் பக்கம் தாழப் பறக்கிற விமானம், அந்தப் பக்கத்து ஆன்டெனாவைப் பொறுத்தவரை இல்லாத விமானம்தான்!

அதனால் என் பட்டியலில் முதலிடம் ஈ.எல்.டி. என்கிற அவசரகால பீக்கனுக்கு. மோதிய அதிர்ச்சியில் தானாக இயங்கி, 406 மெகாஹெர்ட்சில் சுமார் 50 நொடிக்கு ஒருமுறை செயற்கைக்கோளைக் கூப்பிடும். மேலிருந்து கேட்பதால் மலை அவ்வளவாக மறைக்காது. நம் நாட்டில் அந்தக் குரலைக் கேட்கும் மையம் இஸ்ரோவின் கீழ் பெங்களூரில் இருக்கிறது. அங்கே பீக்கனைப் பதிவு செய்யவேண்டும். பதிவு செய்யாத பீக்கன், விலாசம் எழுதாத தந்தி மாதிரி.

இங்கேதான் மலிவு நம்மை ஏமாற்றும். 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய பீக்கன் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். ஆனால் 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதே இல்லை. பாதி விலைக்கு வாங்கினாலும் அது முழு நஷ்டம்.

பீக்கன் மட்டும் போதுமா என்றால், போதாது. 2024 ஆகஸ்ட் 20-ல் ஜாம்ஷெட்பூரில் கிளம்பிய செஸ்னா 152 பயிற்சி விமானம் காணாமல் போனது. ஊர்க்காரர்கள் சொன்ன தகவலை வைத்து சாண்டில் அணை நீரில் தேடினார்கள். பயிற்சி மாணவர், பயிற்றுநர் இருவரின் உடல்களும் 22-ஆம் தேதிதான் கிடைத்தன. தண்ணீருக்குள் மூழ்கிய பீக்கனின் குரல் வெளியே வராது. அங்கே உதவக்கூடியது, விழுவதற்கு முந்தைய நொடிவரை இடத்தைச் சொல்லும் ஏ.டி.எஸ்.-பி. மாதிரிக் கருவிதான். ஒன்று விழும்வரை பேசும். மற்றது விழுந்தபின் பேசும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மலைநாட்டில் பீக்கனை முதலில் வாங்கு, அடுத்த வருஷம் மற்றதை வாங்கு என்பேன்.

வெளிநாட்டில் பையில் போட்டுக்கொண்டு போகிற சாட்டிலைட் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். அரசு அனுமதி இல்லாமல் சாட்டிலைட் தொடர்புக் கருவியை நம் நாட்டில் வைத்திருந்தால் வழக்கு வரும். விமானத்தில் ஒலிபரப்புகிற எந்தக் கருவிக்கும் முறையான ஒப்புதல் வேண்டும். வாங்கும் முன் அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

இதற்கு அரசு என்ன செய்யலாம்? 2017 நவம்பர் 30-ல் வீசிய ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போன குமரி மாவட்ட மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. இன்று இஸ்ரோ தொழில்நுட்பத்தில் செய்த, இருவழிச் சேதி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 30-ல் அதைத் தொடங்கினார்கள். படகுக்கு முடிந்தது சின்ன விமானத்துக்கு ஏன் முடியாது? பிரிட்டனில் 2020-ல் இப்படிப்பட்ட கருவிகளுக்குப் பாதி விலையை, 250 பவுண்டுவரை, திருப்பிக் கொடுத்தார்கள்.

"சொந்த விமானம் வைத்திருக்கிறவன் பணக்காரன், அவனுக்கு எதுக்குச் சலுகை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பயிற்சி விமானத்தில் உட்கார்ந்திருப்பது நம் வயசுப் பிள்ளைகள். கடன் வாங்கிப் படிக்கிறவர்களும் அதில் உண்டு. விமானம் காணாமல் போனால் நாள்கணக்கில் தேடுகிற செலவும் மக்கள் பணம்தான். பயிற்சி விமானங்களுக்கு மட்டுமாவது சலுகை கொடுக்கட்டும்.

கடைசியாக நம் பங்கு. டி.வி. பார்க்கச் செய்த சின்ன யு.எஸ்.பி. டாங்கிளை வைத்தே ஏ.டி.எஸ்.-பி. ரிசீவர் அமைக்கலாம். கால் அலைநீள ஆன்டெனாவுக்குச் சுமார் 6.9 சென்டிமீட்டர் செப்புக் கம்பி போதும். மொத்தச் செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். முதல்வர் மூலம் விதிகளைக் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி, எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டாக இதைச் செய்யட்டும். போடியில் ஒன்று, கம்பத்தில் ஒன்று, சின்னமனூரில் ஒன்று. மூன்று காதுகள் இருந்தால், மலை மறைக்கிற இடத்திலும் ஒன்றாவது கேட்கும். மாணவர் பேரவை இந்த வருஷமே கோரிக்கை மனு கொடுக்கவேண்டும். கையெழுத்துப் போட நான் ரெடி. நீங்கள்?